42 கீ போர்டுல தமிழ்99: ஃபர்ம்வேர் மாத்தின அனுபவம்

தமிழும் கோடும் ஒரே நாள்ல மாத்தி மாத்தி அடிக்கற வேலை எனக்கு, அதனால கீபோர்டு விஷயத்துல கொஞ்சம் கூடுதலாவே அக்கறை எடுத்துக்குவேன். இப்ப யூஸ் பண்றது கார்ன்னு ஒரு போர்டு, ரெண்டு பாதியா பிரிஞ்சு இருக்கும், மொத்தமே 42 கீ தான், ஃபூஸ்டான்ங்கற பேர்ல இயங்கற ஒரு ஜப்பான்காரர் டிசைன் பண்ணி யார் வேணா செஞ்சுக்கலாம்னு ஓப்பனா விட்டது. கைய நகத்தாமலே எல்லா கீயும் எட்டும், தோளும் மணிக்கட்டும் நல்லாவே ரிலாக்ஸா இருக்கு. ஆனா தமிழ்99ங்கற தமிழ் கீ அமைப்புல அடிக்கறவங்களுக்கு இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு, அத சரி பண்ணத்தான் நான் ஃபர்ம்வேர், அதாவது கீபோர்டுக்குள்ளயே ஓடற ப்ரோகிராம், அது பக்கமே போனேன்.

சாதா கீபோர்டுல பி (P) எழுத்துக்கு வலது பக்கம் ரெண்டு சதுர அடைப்புக்குறி கீ இருக்கும்ல, தமிழ்99ல அதுதான் ச, ஞ. கார்ன்ல அந்த எடத்துல ஒரே ஒரு கீ தான், அதுவும் டீஃபால்ட்டா பேக்ஸ்பேஸ். அடைப்புக்குறி ரெண்டும் இன்னொரு லேயர்ல, அதாவது அதே கீகளுக்கு வேற வேலை குடுக்கற இன்னொரு அடுக்குல, போய் உக்காந்திருக்கும். இங்கிலீஷ் அடிக்கும்போது இது ஒண்ணுமே தெரியாது, கோடு அடிக்கும்போதும் கொஞ்ச நாள்ல பழகிடும், ஆனா தமிழ்ல சொல், செய், சரி, பேச்சு, முயற்சின்னு வரிக்கு வரி ச வந்துட்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால லேயர் கீய பிடிச்சுட்டு அடிக்கறதுங்கறது நடக்கற காரியம் இல்ல. சின்ன போர்டு வாங்கி தமிழ் அடிக்க முடியலன்னு திருப்பி வெச்சுட்டவங்க ரெண்டு மூணு பேர எனக்கே தெரியும். அவங்களுக்கு இது உதவட்டும்னு தான் இவ்ளோ விவரமா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு, ஃபர்ம்வேர் மாத்தியே ஆகணுமான்னு பாருங்க. இப்ப வர்ற நிறைய போர்டுல வயாங்கற (VIA) கீ மாத்தற டூலுக்கு சப்போர்ட் ஏற்கனவே இருக்கும், க்ரோம் இல்ல எட்ஜ் மாதிரி ப்ரவுசர்ல வயா சைட்ட திறந்து போர்ட கனெக்ட் பண்ணா எந்த கீ என்ன பண்ணணும்னு அங்கயே மாத்திக்கலாம், ஃப்ளாஷ், அதாவது புது ஃபர்ம்வேர ஏத்தறது, எதுவும் பண்ண வேண்டாம், மாத்தின உடனே வேலை செய்யும். ஃபயர்ஃபாக்ஸ்ல கனெக்ட் ஆகாது, ப்ரவுசர் கீபோர்டோட நேரா பேச உதவற வெப்ஹெச்ஐடி அதுல இல்ல. லினக்ஸ்ல க்ரோமே யூஸ் பண்ணாலும் போர்ட கண்டுபிடிக்கலன்னா பர்மிஷன் ப்ரச்சனையா தான் இருக்கும், டிவைஸுக்கு பர்மிஷன் குடுக்கற ஒரு யூடெவ் ரூல் போட்டா சரியாயிடும். வெறும் கேப்ஸ்லாக்க கண்ட்ரோலா மாத்தணும், ரெண்டு கீய இடம் மாத்தணும்னா வயாவோட நின்னுக்கலாம். எனக்கு அது பத்தல, ஏன்னா ஒரே கீ கம்ப்யூட்டருக்கு ஒரு சிக்னலும் அனுப்பணும், போர்டுக்குள்ள லேயரையும் மாத்தணும், அதோட தட்டினா எழுத்து பிடிச்சா ஷிஃப்ட்ங்கற செட்டிங்க எல்லாம் என் கைக்கு ஏத்த மாதிரி வேணும். அதுக்கு சோர்ஸ் எடுத்து நாமளே கம்பைல் பண்ணித்தான் ஆகணும்.

நான் போட்டது க்யூஎம்கே. ஹாசுங்கற பேர்ல எழுதற ஜப்பான்காரர் ஒருத்தர் டிஎம்கேன்னு ஒரு ஃபர்ம்வேர் எழுதினாரு, அதுலேர்ந்து ஜாக் ஹம்பர்ட் கிளை பிரிச்சு ஆரம்பிச்சது தான் இது, ஜிபிஎல் லைசென்ஸ், இன்னிக்கு ஆயிரக்கணக்கான போர்டுக்கு சப்போர்ட் இருக்கு. இவ்ளோ பெரிய வேலைய இத்தன பேர் சேந்து இலவசமா செஞ்சு வெச்சிருக்காங்கன்னு நெனச்சா எனக்கு இன்னும் ஆச்சரியமா தான் இருக்கு.

சரி, இப்ப முக்கியமான விஷயம். ஃப்ளாஷ் பண்றதுக்கு முன்னாடி திரும்பி வர்ற வழிய கண்டுபிடிச்சு வெச்சுக்கங்க. கீபோர்டு சிப்புக்குள்ள ரெண்டு ப்ரோகிராம் இருக்கு, பூட்லோடர்னு ஒரு சின்னது, அப்புறம் ஃபர்ம்வேர். நாம ஃப்ளாஷ் பண்ணும்போது மாறுறது ஃபர்ம்வேர் மட்டும் தான், பூட்லோடர் அப்படியே இருக்கும். அதனால தப்பான ஃபைல் ஏறிட்டாலும் போர்டு செத்துப் போகாது, மறுபடி பூட்லோடருக்குள்ள போய் சரியான ஃபைல ஏத்தினா எந்திரிச்சு உக்காந்துரும். ஆனா பூட்லோடருக்குள்ள எப்படி போறது? மூணு வழி இருக்கு. கீமேப்லயே, அதாவது எந்த கீ என்ன பண்ணணும்னு எழுதற ஃபைல்லயே, பூட்ங்கற (Boot) பேர்ல ஒரு கீ வெச்சுக்கலாம். இல்லன்னா மேல் இடது மூலைல இருக்கற கீய, பெரும்பாலும் எஸ்கேப், அத அழுத்திட்டே கேபிள சொருகலாம், இதுக்கு பூட்மேஜிக்னு பேரு. மூணாவது, போர்டுல இருக்கற நெஜமான ரீசெட் பட்டன். இதுல முதல் ரெண்டும் ஃபர்ம்வேர் ஒழுங்கா ஓடினா தான் வேலை செய்யும். ஃபர்ம்வேரே தப்பா ஏறிட்டா நம்மள காப்பாத்தறது மூணாவது மட்டும் தான்.

என் நண்பன் ஒருத்தன் போர்டுல இது நடந்தத நேர்ல பாத்தேன். போர்டு பேரு அதேதான், ஆனா ரிவிஷன் வேற, பின் கனெக்‌ஷன் எல்லாம் மாறி இருந்துச்சு, ஃபைல் ஏறின உடனே ஒரு கீ கூட ரெஸ்பான்ஸ் இல்ல. எஸ்கேப்ப பிடிச்சு சொருகினாலும் ஒண்ணும் ஆகல, ஏன்னா அந்த ஃபர்ம்வேருக்கு எஸ்கேப் எங்க இருக்குன்னே தெரியாது. அப்புறம் அடில இருந்த ஸ்க்ரூ எல்லாத்தையும் கழட்டி, பிளேட்ட தூக்கி, பிசிபி, அதான் சர்க்யூட் போர்டு, அதுக்கு பின்னாடி ரீசெட்னு எழுதியிருந்த ரெண்டு சின்ன பேட ட்வீசரால தொட்டோம், உடனே பூட்லோடர் வந்துருச்சு, பழைய ஃபைல ஏத்தினோம், எல்லாம் பழையபடி. அதுலேர்ந்து யாரு கேட்டாலும் நான் முதல்ல சொல்றது, கேஸ மூடறதுக்கு முன்னாடியே ரீசெட் எங்க இருக்குன்னு பாத்து ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க. சில போர்டுல ஸ்பேஸ்பார் கேப்புக்கு அடில இருக்கும், சிலதுல பின்பக்கம் ஊசி நுழையற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். போர்டோட ஒரிஜினல் ஃபைல் கெடைச்சா அதையும் முன்னாடியே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கங்க, வயால ஏற்கனவே கீ மாத்தி வெச்சிருந்தா அத ஒரு ஃபைலா சேவ் பண்ணிக்கங்க, புது ஃபர்ம்வேர் ஏறினா அதெல்லாம் அழிஞ்சுரும்னு நெனச்சுட்டே தயாரா இருக்கறது நல்லது. எஸ்கேப் பிடிச்சு சொருகற வழியும் சேவ் ஆன செட்டிங்க அழிச்சுட்டு தான் உள்ள விடும்.

அடுத்தது உங்க போர்டுல என்ன சிப்புன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா ஃபைலோட வகையும் ஏத்தற முறையும் அதப் பொறுத்து மாறும். ஏடிமெகா32யு4 பழைய ஆளு, ஹெக்ஸ் ஃபைல் கேக்கும். அதுலயே பூட்லோடர் ரெண்டு மூணு வகை இருக்கு, கேடரினான்னு ஒண்ணு ப்ரோ மைக்ரோ வகை கண்ட்ரோலர்ல (சிப் இருக்கற குட்டி போர்டு) வரும், ரீசெட்ட டக்டக்னு ரெண்டு தடவ தொடணும், தொட்டா சுமார் 8 செகண்டு தான் பூட்லோடர் முழிச்சிருக்கும், அதுக்குள்ள ஏத்த ஆரம்பிச்சுடணும். அதனால கமாண்ட முதல்ல ஓட விட்டுடுங்க, போர்டு வர்ற வரைக்கும் அதுவே காத்திருக்கும், அப்புறம் ரீசெட்ட தொடுங்க. எஸ்டிஎம்32 சிப்னா டிஎஃப்யூன்னு யூஎஸ்பி வழியா ஏத்தற முறை. ஆர்பி2040 தான் இருக்கறதுலயே சுகம், பூட்செல் பட்டன அழுத்திட்டு சொருகினா ஆர்பிஐ-ஆர்பி2ன்னு பென் டிரைவ் மாதிரி ஒண்ணு வந்து நிக்கும், யூஎஃப்2 ஃபைல அதுல காப்பி பண்ணா போதும், காப்பி முடிஞ்ச உடனே டிரைவ் தானா மறைஞ்சுரும், சரியா எஜெக்ட் பண்ணலன்னு கம்ப்யூட்டர் ஒரு மெசேஜ் காட்டலாம், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். அந்த சிப்புல பூட்லோடர் ரோம்ல எரிச்சு வெச்சது, நாம என்ன பண்ணாலும் அழியாது, அதனால புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் யோசிக்காம அதைத்தான் சொல்லுவேன்.

நான் ஆர்பி2040க்கு மாறினதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 32யு4ல மொத்தம் 32 கேபி ஃப்ளாஷ், பூட்லோடர் 4 கேபி எடுத்துக்கும், மிச்சம் 28,672 பைட்டு தான். லைட்டு, சின்ன திரை, வயா, ரெண்டு மூணு லேயர்னு ஒவ்வொண்ணா சேத்துட்டே போனா ஒரு கட்டத்துல ஃபர்ம்வேர் பெருசா இருக்குன்னு கம்பைலர் நிறுத்திரும். ஃபர்ம்வேர் சைஸ கொறைக்கற எல்டிஓங்கற கம்பைலர் ஆப்ஷன ஆன் பண்ணி, மவுஸ் கீ, கன்சோல் எல்லாத்தையும் ஆஃப் பண்ணா கொஞ்சம் எடம் கெடைக்கும், ஆனா அந்த கணக்கு போட்டுட்டே இருக்கறது அலுப்பு. ஆர்பி2040 போர்டுல 2 எம்பிக்கு கொறஞ்சு பாக்கறதே அபூர்வம். ப்ரோ மைக்ரோ சைஸ்லயே ஆர்பி2040 கண்ட்ரோலர் கெடைக்குது, க்யூஎம்கேல கம்பைல் பண்ணும்போது இந்த கண்ட்ரோலருக்கு மாத்துன்னு ஒரு ஆப்ஷன் குடுத்தா பழைய கீமேப்பே அப்படியே ஓடும். இதுக்காகத்தான் சொல்றேன், கிட் வாங்கி சால்டர் பண்றவங்க கண்ட்ரோலர நேரா சால்டர் பண்ணாதீங்க, சாக்கெட் வெச்சு சொருகுங்க, பின்னாடி மாத்தறதுக்கு ரொம்ப வசதி. மைக்ரோ யூஎஸ்பி போர்ட் உள்ள பழைய கண்ட்ரோலர்ல கேபிள இழுத்தா போர்ட்டே பேந்துட்டு வர்றதும் உண்டு, அப்பவும் சாக்கெட் இருந்தா பொழச்சோம்.

ஏத்தறது ஒரு நிமிஷ வேலை, அதுக்கு முன்னாடி வர்ற சில்லறை தடங்கல் தான் நேரத்த தின்னுரும். போர்டு தெரியவே இல்லன்னா முதல்ல கேபிள மாத்துங்க, சார்ஜ் மட்டும் பண்ற கேபிள்ல டேட்டா கம்பியே இருக்காது. ரெண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிள்ல சில போர்டு உயிரே வராது, போர்டுல அதுக்கான ரெசிஸ்டர் வெக்காம விட்டிருப்பாங்க, ஒரு பக்கம் பழைய யூஎஸ்பி உள்ள கேபிள போட்டா வந்துரும். லினக்ஸ்ல மோடம்மேனேஜர்னு ஒரு சர்வீஸ், கேடரினா பூட்லோடர் வந்து நின்ன உடனே இது ஏதோ மோடம்னு நெனச்சு அத பிடிச்சுக்கும், க்யூஎம்கே குடுக்கற யூடெவ் ரூல்ஸ் ஃபைல போட்டா அந்த தொல்லையும் போச்சு, சூடோ (அட்மின் பர்மிஷன்) இல்லாமலும் ஏத்தலாம். விண்டோஸ்ல ஜாடிக் வெச்சு டிரைவர் போடறவங்க ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும், போர்டு பூட்லோடர் மோட்ல இருக்கும்போது மட்டும் டிரைவர மாத்துங்க, சாதா மோட்ல இருக்கும்போது மாத்தினா கீபோர்டா வேலை செய்யறதே நின்னுரும், அப்புறம் டிவைஸ் மேனேஜர்ல போய் அந்த டிரைவர நீக்கி திரும்ப சொருகணும். இதுக்கெல்லாம் பக்கத்துல இன்னொரு கீபோர்டு இருக்கணும், லேப்டாப்னா கவலை இல்ல, டெஸ்க்டாப்னா ஒரு பழைய கீபோர்ட எடுத்து வெச்சுக்கங்க.

ரெண்டு பாதி போர்டுக்கு தனியா ரெண்டு வார்த்தை. ரெண்டு பக்கத்துலயும் தனித்தனி கண்ட்ரோலர் இருக்கு, அதனால ரெண்டுலயும் ஒரே ஃபைல ஏத்தணும், ஒண்ணுல புதுசு ஒண்ணுல பழசுன்னு விட்டா ஒரு பாதி விசித்திரமா நடந்துக்கும். யூஎஸ்பி எந்த பக்கம் சொருகியிருக்கோ அதுதான் இடதுன்னு டீஃபால்ட்டா எடுத்துக்கற போர்டுகள் உண்டு, வலது பக்கம் சொருகினா எழுத்தெல்லாம் இடம் மாறி வரும், போர்டு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க. ரொம்ப முக்கியமா, ரெண்டு பாதியையும் இணைக்கற, ஹெட்ஃபோன் ப்ளக் மாதிரி இருக்கற டிஆர்ஆர்எஸ் கேபிள யூஎஸ்பி சொருகி இருக்கும்போது புடுங்கவோ சொருகவோ கூடாது. அந்த ப்ளக் உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் பவரும் மத்த கம்பியும் ஒரு நொடி ஒண்ணோட ஒண்ணு உரசும், கண்ட்ரோலர் போயிரும். முதல்ல யூஎஸ்பிய கழட்டு, அப்புறம் இத தொடு, இத வீட்ல பசங்களுக்கும் சொல்லி வெச்சிருக்கேன்.

இனி தமிழ் லேயருக்கு வருவோம். இங்க தான் நான் அதிக நேரம் செலவு பண்ணேன், சந்தோஷமாவும் பண்ணேன். கீபோர்டு எழுத்த அனுப்பறதில்ல, எந்த எடத்துல இருக்கற கீய அழுத்தினாங்கன்னு ஒரு நம்பர மட்டும் தான் அனுப்புது, அத க-வா ஹெச்சான்னு முடிவு பண்றது கம்ப்யூட்டர்ல இருக்கற இன்புட் மெத்தட். க்யூஎம்கேல யூனிகோட நேராவே அனுப்பற வசதியும் இருக்கு, ஆனா அது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஷார்ட்கட்டும் ஹெக்ஸ் நம்பரும் தட்டி அனுப்பற வேலை, ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் மாறும், தமிழ்ல கொம்பும் காலும் மெய்யோட சேந்து வர்ற கணக்க எல்லாம் நாமளே எழுதணும். தேவையே இல்ல. 1999ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட தமிழ்99 இன்னிக்கு எல்லா ஓஎஸ்லயும் கெடைக்குது, அத அங்கயே விட்டுட்டு, போர்டுல அதுக்கு ஏத்த கீய மட்டும் கைக்கு எட்டற எடத்துல வெச்சா போதும்.

அதனால என் தமிழ் லேயர்ல மேல் வரிசை வலது கடைசி கீ, பேக்ஸ்பேஸ் இருந்த எடம், இப்ப ச. கீழ் வரிசைல ழ-வுக்கு பக்கத்துல இருக்கற கடைசி கீ ஞ. ந-வும் ய-வும் நடு வரிசைல ஏற்கனவே அதது எடத்துல தான் இருக்கு. பேக்ஸ்பேஸ் கட்டை விரலுக்கு எறங்கிருச்சு, அத இங்கிலீஷ் லேயர்லயும் அங்கயே வெச்சுட்டேன், ரெண்டு லேயர்லயும் ஒரே எடத்துல இருக்கணும், இல்லன்னா கை குழம்பும். ஸ, ஷ, ஜ, ஹ நாலும் ஷிஃப்ட்டோட இடது கை மேல் வரிசைல வரும், அதுக்கு ஒரு தடவ தட்டினா அடுத்த எழுத்துக்கு மட்டும் ஷிஃப்ட் ஆகற கீய வலது கட்டை விரல்ல வெச்சேன், இடது கைய முறுக்க வேண்டாம்.

பெரிய பாடம் ஹோம் ரோ மாட்ல கெடைச்சுது. நடு வரிசை எழுத்துகள தட்டினா எழுத்து, பிடிச்சா கண்ட்ரோல், ஷிஃப்ட்னு வெச்சுக்கறது தான் அது, சின்ன போர்டு யூஸ் பண்ற நிறைய பேர் இது இல்லாம இருக்க மாட்டாங்க. தட்டினதா பிடிச்சதான்னு முடிவு பண்ற நேரம், டேப்பிங் டெர்ம்னு சொல்லுவாங்க, க்யூஎம்கேல டீஃபால்ட் 200 மில்லிசெகண்டு. இங்கிலீஷ்ல எனக்கு அருமையா ஓடுது. 2025ல வந்த கார்டல் ஹோல்டுன்னு ஒரு ஆப்ஷன், ஒரே கைல இருக்கற ரெண்டு கீய வேகமா அடிச்சா அத எழுத்தாவே எடுத்துக்கும், எதிர் கை கீயோட சேந்தா மட்டும் தான் ஷிஃப்ட் கண்ட்ரோல்னு யோசிக்கும், அது இங்கிலீஷுக்கு ரொம்பவே உதவுது. ஆனா தமிழ்99அ பாருங்க, உயிரும் புள்ளியும் இடது கை, மெய் கிட்டத்தட்ட எல்லாமே வலது கை, அப்ப நாம எழுதறதே மாறி மாறி எதிர் கைல தான். அவர்கள்னு அடிச்சா ர, புள்ளி, க, ள, புள்ளின்னு வலது இடது வலதுன்னு தாவுது, புள்ளி இருக்கறது எஃப் கீல, ஹோம் ரோ மாட்ல அது தான் ஷிஃப்ட். புள்ளிய விடறதுக்குள்ள க-வ தட்டி எடுத்துட்டா புள்ளி ஷிஃப்ட்டா மாறிருது. கார்டல் ஹோல்டு இங்க காப்பாத்தாது, அது சந்தேகப்படறதே எதிர் கை கீயத்தான்.

டேப்பிங் டெர்ம கூட்டிக் கொறச்சு பாக்கலாம், ஆனா நான் எடுத்த முடிவு வேற, தமிழ் லேயர்ல ஹோம் ரோ மாட்ட மொத்தமா எடுத்துட்டேன். அங்க எஃப்னா எஃப் தான், அழுத்தின நொடி போயிரும், காத்திருப்பே கெடையாது. கண்ட்ரோல் வேணும்னா இடது ஓரத்துல ஒரு சாதா கீ இருக்கு. தமிழ்ல எழுதும்போது ஷார்ட்கட் அவ்ளோ தேவைப்படறதும் இல்ல, சேவ் பண்றது, காப்பி பண்றது, அவ்ளோ தான். இந்த ஒரே மாத்தத்துல தமிழ் அடிக்கற வேகமும் நிதானமும் திரும்ப வந்துருச்சு. மொழிக்கு மொழி கை போற விதம் வேறங்கறதால செட்டிங்கும் லேயருக்கு லேயர் வேற தான் வெக்கணும், இங்கிலீஷுக்கு எழுதின வழிகாட்டிய அப்படியே தமிழுக்கு போட்டா ஒத்து வராது.

கடைசியா மொழி மாத்தற கீ. ஒரே கீய தட்டினா கம்ப்யூட்டர்லயும் தமிழ் வரணும், போர்டுலயும் தமிழ் லேயர் வரணும். நெறைய பேர் ஓஎஸ்ஸோட மாத்தற ஷார்ட்கட்டயே, சூப்பர் (விண்டோஸ் கீ) + ஸ்பேஸ் மாதிரி, அனுப்பிட்டு லேயரையும் டாகிள் பண்ணுவாங்க. அதுல ஒரு ஓட்டை இருக்கு, கம்ப்யூட்டர் இப்ப எந்த மொழில இருக்குன்னு கீபோர்டுக்கு தெரியாது, மவுஸால யாராவது மொழிய மாத்திட்டா கம்ப்யூட்டர் தமிழ்ல நிக்கும், போர்டு இங்கிலீஷ்ல நிக்கும், அதுக்கப்புறம் ஒவ்வொரு தட்டுக்கும் ரெண்டும் எதிரெதிரா தான் போகும். அதனால டாகிளே வேண்டாம்னு விட்டுட்டு ரெண்டு தனி கீ வெச்சேன். ஒண்ணு எப்ப தட்டினாலும் தமிழ், இன்னொண்ணு எப்ப தட்டினாலும் இங்கிலீஷ். சந்தேகமா இருந்தா தேவையானத இன்னொரு தடவ தட்டிக்கலாம், எதுவும் கெடாது. அதுக்கு சிக்னலா எஃப்13, எஃப்14 அனுப்பறேன், சாதா கீபோர்டுல எஃப்12க்கு மேல கெடையாதுங்கறதால பெரும்பாலும் மத்த ஷார்ட்கட்டோட மோதாது. இன்புட் மெத்தட் செட்டிங்ல ஆன் பண்ண ஒரு ஷார்ட்கட், ஆஃப் பண்ண ஒரு ஷார்ட்கட்னு தனித்தனியா குடுக்க வசதி இருக்கற ஒண்ண பாத்து எடுத்துக்கங்க, லினக்ஸ்ல ஓடற எஃப்சிஐடிஎக்ஸ்5ங்கற (Fcitx5) இன்புட் மெத்தட்ல அது இருக்கு. லினக்ஸ்ல எஃப்13அ அழுத்தினா டூல்ஸ்னு வேற பேர்ல காட்டலாம், பேரு தான் வேற, ஷார்ட்கட்டா வேலை செய்யும்.

கீமேப் ஃபைல கிட்ல (Git, ஃபைல்ல பண்ற மாத்தங்கள பதிவு பண்ணி வெக்கற டூல்) வெச்சுக்கங்க, ஏத்தின ஒவ்வொரு ஃபைலையும் தேதி போட்டு ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. க்யூஎம்கேல பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவ பெரிய மாத்தம் எல்லாம் மொத்தமா உள்ள வரும், ரீசெட்னு இருந்த கீ பேர க்யூகே பூட்னு (QK_BOOT) மாத்தின மாதிரி பேரே மாறும், பழைய கீமேப் கம்பைல் ஆகாம நிக்கும். நல்லா ஓடிட்டு இருக்கற போர்ட சும்மா அப்டேட் பண்ண வேண்டியதில்ல, புது வசதி எதாவது வேணும்னா மட்டும் அந்த மாத்தங்களோட குறிப்ப படிச்சுட்டு பண்ணுங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம் ஏத்தி ரெண்டு நாள் அதுலயே வேலை பாத்துட்டு அடுத்தத தொடறது என் வழக்கம், அஞ்சு மாத்தம் ஒண்ணா ஏத்தினா எது கைக்கு ஒத்துக்கல எது ஒத்துக்கிச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது.

ப்ளூடூத் போர்டு வெச்சிருக்கறவங்க க்யூஎம்கேக்கு பதிலா இசட்எம்கேங்கற ஃபர்ம்வேர பாருங்க, ஸெஃபிர் (Zephyr) ஆர்டிஓஎஸ்ங்கற குட்டி ஓஎஸ் மேல கட்டினது, எம்ஐடி லைசென்ஸ், கீமேப் எழுதற முறை வேற மாதிரி இருக்கும், ஆனா கிட்ஹப்புலயே கம்பைல் ஆகி யூஎஃப்2 ஃபைலா கைல வந்துரும், நம்ம கம்ப்யூட்டர்ல எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். தமிழ் லேயர், ரெண்டு தனி கீ, ஹோம் ரோ மாட்ட எடுத்துடறது, மேல சொன்ன எல்லாத்தையும் அதுலயும் அப்படியே செய்யலாம்.